அரை நாளில் வைஹெகே: முகடு முதலில், கோப்பை கடைசியில்

வைஹெகே தீவுக்கு ‘அரை நாள்’ என்று கிளம்புகிறவர்களுக்குக் கையில் கிடைப்பது ஐந்து மணி நேரம். காலை 9 மணி ஃபெரியில் ஏறினால் 9.40-க்குத் தீவு. பிற்பகல் 3 மணி ஃபெரியில் திரும்ப வேண்டும். நடுவே ஜீப்பில் ஏறி இறங்கவும் கழிப்பறை வரிசையில் நிற்கவும் போகும் நேரத்தைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சும் நேரத்துக்குள் செங்குத்துக் கரையின் உச்சியில் நின்று கடலைப் பார்க்க வேண்டும், ஜல்லிச் சாலையில் போக வேண்டும், திராட்சைத் தோட்டத்தில் ஒயின் சுவைக்க வேண்டும், சாப்பிடவும் வேண்டும்.

முடியும். ஆனால் வரிசை தவறக் கூடாது. இந்த அத்தியாயம் முழுக்க அந்த வரிசையைப் பற்றியதுதான்.

தீவைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்

வைஹெகே, நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் கிழக்கே ஹவுராக்கி வளைகுடாவில் இருக்கிறது. பரப்பு 92 சதுர கிலோமீட்டர். மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனைக்கு ஏறத்தாழ 19 கிலோமீட்டர். பயணத் திட்டத்துக்கு முக்கியமானது ஒன்றுதான்: தீவின் இரண்டு பாதிகளும் ஒன்றுபோல இல்லை.

மேற்குப் பாதியில் ஊர், கடை, தார்ச்சாலை எல்லாம் உண்டு. ஃபெரி வந்து நிற்கும் மட்டியாட்டியா துறை, கடைத்தெரு உள்ள ஒனெரோவா, நீண்ட மணற்கரை கொண்ட ஒனெடாங்கி ஆகியவை இந்தப் பக்கம். கிழக்குப் பாதியில் பெரும்பாலும் பண்ணை நிலம், ஜல்லிச் சாலை, ஆளரவமற்ற கரைகள். ஸ்டோனி பேட்டர் குன்றும் மேன் ஓ வார் விரிகுடாவும் அந்தப் பக்கம்.

ஒயின் கதை சுருக்கமானது. கிம் கோல்ட்வாட்டர், ஜெனட் கோல்ட்வாட்டர் தம்பதி 1978-ல் இங்கே ஒயின் திராட்சைக் கொடி நட்டார்கள். 1982-ல் ஸ்டோனிரிட்ஜ் தோட்டம் வந்தது. கபர்னே, மெர்லோ, சிரா போன்ற சிவப்பு ஒயின்களுக்கு இந்தத் தீவு பெயர் வாங்கியது அதன் பிறகுதான்.

முதல் முடிவு: வண்டியை யார் ஓட்டுவது?

டிக்கெட் வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள். வழிகள் மூன்று.

1. ஓட்டுநரோடு வரும் ஜீப் சுற்றுலா. துறைக்கே வந்து ஏற்றிக்கொண்டு, திரும்பத் துறையிலேயே விடுவார்கள். குழுவில் எல்லாரும் ஒயின் சுவைக்க விரும்பினால் இதுதான் ஒரே சரியான வழி. கிழக்குப் பாதியைப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இதுவே நல்லது.

2. தீவிலேயே வாடகை வண்டி. துறைக்கு அருகிலேயே கிடைக்கும். கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஜல்லிச் சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லுமா?” பல ஒப்பந்தங்களில் செல்லாது. ஜீப் உருவத்தில் இருக்கும் வண்டியாக இருந்தாலும் ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

3. சொந்த வண்டியோடு கார் ஃபெரி. ஆக்லாந்தின் ஹாஃப் மூன் பே துறையிலிருந்து தீவின் கென்னடி பாயிண்ட் துறைக்குப் போகலாம். முன்பதிவு தேவை. வண்டியை ஏற்ற, இறக்க நேரம் பிடிக்கும். அரை நாளில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். முழு நாள் தங்குகிறவர்களுக்கே இது பொருந்தும்.

இரண்டாவது, மூன்றாவது வழியைத் தேர்ந்தால், ஓட்டுகிறவர் அன்றைக்கு ஒரு வாய் ஒயின்கூடத் தொடுவதில்லை என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். தோட்டத்தில் கோப்பை முன்னால் வந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் யாராவது ஒருவர் முகம் வாடித்தான் வீடு திரும்புவார்.

சட்டம்: நியூசிலாந்தில் 20 வயது நிறைந்த ஓட்டுநருக்கு வரம்பு, ஒரு லிட்டர் மூச்சுக் காற்றில் 250 மைக்ரோகிராம் ஆல்கஹால். 20 வயதுக்குட்பட்டவருக்குப் பூஜ்யம். ‘கொஞ்சம்தானே, வரம்புக்குள்தான் இருப்பேன்’ என்று மனக்கணக்குப் போடாதீர்கள். உடல் எடை, சாப்பாடு, களைப்பு எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும்.

இரண்டாவது முடிவு: மேற்கா, கிழக்கா?

அரை நாளில் இரண்டு பாதியையும் பார்க்க ஆசைப்படுவதுதான் மிகப் பெரிய தவறு. ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

- வயதான பெற்றோர், கைக்குழந்தை, குலுங்கும் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கூட வந்தால் மேற்கு.
- ஜீப் பயணத்தின் சுவையே குலுங்கலிலும் புழுதியிலும்தான் என்று நினைப்பவர்களுக்கு கிழக்கு.
- முதல் நாள் இரவு கனமழை பெய்திருந்தால், யோசிக்காமல் மேற்கு.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போய் வந்தவர்கள் அதே எலும்பு நொறுங்கும் பாதையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். வைஹெகேயின் ஜல்லிச் சாலை பராமரிக்கப்பட்ட சாலைதான். ஆபத்து வேறு விதமானது: வழவழப்பாகத் தெரியும், வேகம் எடுக்கத் தூண்டும், வளைவில் சறுக்கும்.

முன்பதிவு: இந்த வரிசையில் செய்யுங்கள்

1. திரும்பும் ஃபெரியை முதலில் முடிவு செய்யுங்கள். அன்றைய அட்டவணையை எடுத்து, நீங்கள் ஏற வேண்டிய ஃபெரியையும் அதற்கு அடுத்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா நேரங்களையும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

2. தோட்டத்தில் சுவைப்பு நேரத்தைப் பதிவு செய்யுங்கள். பல தோட்டங்கள் காலை 11 மணிக்கு மேல்தான் திறக்கும். கோடைச் சனிக்கிழமைகளில் திருமண விருந்துக்காகப் பொதுமக்களுக்கு மூடிவிடுவதும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான குளிர்காலத்தில் வாரத்தில் சில நாள் மட்டும் திறப்பவையும் இருக்கின்றன.

3. பிறகு ஜீப்பைப் பதிவு செய்யுங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்: சுவைப்புக் கட்டணம் சேர்ந்ததா, தனியா? ஜீப் திறந்ததா, மூடியதா? மழை வந்தால் பாதையை மாற்றுவீர்களா, பணத்தைத் திருப்புவீர்களா?

4. குழந்தை இருந்தால் சொல்லிவிடுங்கள். ஏழாவது பிறந்தநாள் வரை குழந்தைக்கு அங்கீகரிக்கப்பட்ட தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது.

5. கடைசியாக, தீவுக்குப் போகும் ஃபெரிக்கு டிக்கெட் எடுங்கள். அது ஆக்லாந்து நகர மையத் துறையிலிருந்து புறப்படும். கோடை வார இறுதியில் அரை மணி முன்பே வரிசையில் நில்லுங்கள்.

குறிப்பு: நியூசிலாந்தில் குடியிருக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சூப்பர்கோல்டு அட்டை உண்டு. நெரிசல் இல்லாத நேரத்தில் வைஹெகே ஃபெரியில் அதைக் காட்டி இலவசமாகப் போகலாம். ஊரிலிருந்து பார்க்க வந்திருக்கும் பெற்றோருக்கு இது கிடையாது. இங்கேயே குடியேறி அட்டை வாங்கிய பெரியவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

- பாஸ்போர்ட். 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றினால் மது பரிமாறுமுன் வயதுச் சான்று கேட்பார்கள். மது வாங்கச் சட்டப்படியான வயது 18. ஆதார் அட்டையோ தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமமோ இதற்குச் செல்லாது. பாஸ்போர்ட் அல்லது நியூசிலாந்து ஓட்டுநர் உரிமம் வேண்டும்.
- அசல் ஓட்டுநர் உரிமம், நீங்கள் ஓட்டுவதாக இருந்தால். கைப்பேசியில் உள்ள படம் போதாது.
- காற்றுக்குத் தாங்கும் மேலாடை. துறையில் வெயில் அடித்தாலும் முகட்டில் காற்று அறையும். திறந்த ஜீப்பில் அது இரட்டிப்பாகும். சேலை, வேட்டி, துப்பட்டா அணிந்தால் முனைகளை இறுகச் செருகிக்கொள்ளுங்கள்.
- வெயில் பூச்சு, கயிறு வைத்த தொப்பி. நியூசிலாந்தில் புற ஊதாக் கதிர் கடுமை. வெப்பம் தெரியாது, ஆனால் தோல் வெந்துவிடும். நம் கறுப்புத் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று இருந்துவிடாதீர்கள்.
- பிடிமானமுள்ள ஷூ. செருப்பு வேண்டாம்.
- தண்ணீர். தீவில் பெரும்பாலான வீடுகள் மழைநீர்த் தொட்டியை நம்பித்தான் இருக்கின்றன. நகரத்திலேயே பாட்டிலை நிரப்பிக்கொண்டு வாருங்கள்.
- குமட்டலுக்கு மாத்திரை, ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு. ஃபெரி ஏறுவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளோடு மது சேரக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள்.
- முன்பே இறக்கி வைத்த வரைபடம். கிழக்குப் பாதியில் கைப்பேசிச் சிக்னல் பல இடங்களில் இருக்காது.

மேற்குத் திட்டம்: மணிக்கணக்கு

கீழே உள்ள நேரங்கள் மாதிரிதான். அன்றைய ஃபெரி அட்டவணைக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்.

1. 9.00 – ஃபெரி. இடப்பக்க இருக்கையில் உட்காருங்கள். ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் கடலிலிருந்து வெடித்தெழுந்த ரங்கிடோட்டோ எரிமலைத் தீவு அந்தப் பக்கம் வரும். திரும்பும்போது வலப்பக்கம்.

2. 9.40 – மட்டியாட்டியா. இறங்கியதும் துறையிலேயே கழிப்பறைக்குப் போய்விடுங்கள். அடுத்தது எங்கே வரும் என்று தேட வேண்டாம்.

3. 10.00 – ஜீப் புறப்பாடு. ஒனெரோவா கடைத்தெருவுக்குச் சில நிமிடம்தான். காபியை முடித்துவிட்டு, தெருவின் வடபுறத்திலிருந்து கீழே தெரியும் விரிகுடாவைப் பாருங்கள்.

4. 10.45 – ஒனெடாங்கி. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள மணற்கரை. வீட்டிலிருந்து கட்டிவந்த தயிர்சாதமோ சப்பாத்தியோ இருந்தால் பிரிக்க வேண்டிய இடம் இதுதான். தோட்டங்களில் பெரும்பாலும் வெளி உணவை அனுமதிக்க மாட்டார்கள். குப்பையைப் பையிலேயே திரும்ப எடுத்துச் செல்லுங்கள்.

5. 12.00 – முதல் சுவைப்பு. ஒனெடாங்கி பக்கத்துத் தோட்டங்களில் ஒன்று.

6. 1.30 – சர்ச் பே சாலை மேடு. மட்பிரிக், கேபிள் பே தோட்டங்கள் இந்தப் பக்கம் உள்ளன. துறைக்கு மிக அருகில். இங்கே விளிம்பு நடை வேண்டாம்; தோட்டத்திலிருந்தே கடலுக்கு அப்பால் ஆக்லாந்து நகரின் கோபுர வரிசை தெரியும். இரண்டாவது சுவைப்பை இங்கே வையுங்கள். நேரம் நழுவினால் இதை வெட்டிவிடலாம். துறை பக்கத்திலேயே இருப்பதால் பதற்றம் இல்லை.

7. 2.40 – மட்டியாட்டியா. 3 மணி ஃபெரி.

கிழக்குத் திட்டம்: மணிக்கணக்கு

1. 10.00 – துறையிலிருந்து புறப்பாடு. நிற்காமல் ஒனெடாங்கி தாண்டிப் போங்கள். ஓட்டிச் செல்பவர்கள் மேற்கிலேயே எரிபொருள் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. 10.50 – ஸ்டோனி பேட்டர் வண்டி நிறுத்துமிடம். இங்கிருந்து ஏறத்தாழ 20 நிமிட நடை. மேலே புல்வெளியில் பெரிய எரிமலைப் பாறைகள் சிதறிக் கிடக்கும். இரண்டாம் உலகப் போரின்போது ஆக்லாந்து துறைமுகத்தைக் காக்க இங்கே பீரங்கி மேடைகளையும் அவற்றை இணைக்கும் சுரங்கங்களையும் அமைத்தார்கள். எதிரியை நோக்கி இங்கிருந்து ஒரு குண்டும் சுடப்படவில்லை. வானம் தெளிவாக இருந்தால் கிரேட் பேரியர் தீவும் கோரமண்டல் தீபகற்பமும் தெரியும்.

3. 12.00 – வண்டிக்குத் திரும்புங்கள். சுரங்கத்துக்குள் போகக் கட்டணமும் நேரக் கட்டுப்பாடும் உண்டு. உள்ளே போவதாக இருந்தால் மதிய உணவைச் சுருக்க வேண்டியிருக்கும். இரண்டும் வேண்டும் என்றால் அடுத்த ஃபெரியைப் பிடியுங்கள்.

4. 12.15 – மேன் ஓ வார் விரிகுடா. 1769-ல் கேப்டன் குக் இந்த வழியாக வந்தபோது, போர்க்கப்பலுக்குப் பாய்மரமாக வெட்டத் தக்க உயர்ந்த மரங்களைக் கண்டதால் வந்த பெயர் இது. இதே பெயரில் உள்ள தோட்டத்தின் சுவைப்பு அறை கடற்கரையை ஒட்டியே இருக்கிறது. அன்றைய ஒரே சுவைப்பையும் மதிய உணவையும் இங்கே வையுங்கள்.

5. 1.40 – திரும்பும் பயணம். துறைக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. 2.40 – மட்டியாட்டியா.

முகட்டில் நிற்கும்போது

ஆக்லாந்து வட்டாரத்துக் கரைகள் பல இடங்களில் பொலபொலவென்று உதிரும் மண். 2023 ஜனவரி, பிப்ரவரியில் பெய்த பெருமழையிலும் கேப்ரியல் புயலிலும் வட்டாரமெங்கும் சரிவுகள் ஏற்பட்டன. மேலே பசும்புல் படர்ந்திருக்கும். அதன் அடியில் மண் இருக்கிறதா என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. ஆகவே:

1. விளிம்பிலிருந்து குறைந்தது நான்கைந்து அடி தள்ளி நில்லுங்கள்.
2. ‘பாதை மூடப்பட்டுள்ளது’ என்ற பலகையைத் தாண்டாதீர்கள். வேறு யாரோ தாண்டிப் போயிருந்தாலும்.
3. செல்ஃபி எடுக்கும்போது பின்னோக்கி நடக்காதீர்கள். முதலில் நிற்கும் இடத்தை முடிவு செய்து, கால் ஊன்றி, பிறகு கைப்பேசியை உயர்த்துங்கள்.
4. குழந்தையின் கையைப் பிடிப்பவர் யார் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். ‘எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.
5. மழைக்குப் பிறகு களிமண் பாதை வழுக்கும். இறங்கும்போது பக்கவாட்டில் அடி வையுங்கள்.
6. முகட்டு நடை எப்போதும் ஒயினுக்கு முன்னால்தான். இரண்டு கோப்பைக்குப் பிறகு விளிம்பு தள்ளி இருப்பதாகத் தோன்றும்.

குறிப்பு: காட்டுப் பாதையின் தொடக்கத்தில் காலணி துடைக்கும் தூரிகையும் மருந்துக் கரைசலும் வைத்திருந்தால் பயன்படுத்தாமல் தாண்டாதீர்கள். நியூசிலாந்தின் பெருமரமான கௌரியைக் கொல்லும் நோய் மண்ணோடு ஒட்டித்தான் பரவுகிறது. கோயிலுக்குள் போகுமுன் கால் கழுவுவது போல நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜல்லிச் சாலையில் நீங்களே ஓட்டினால்

நியூசிலாந்திலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பது நமக்கு வசதி. ஆனால் ஜல்லிச் சாலையில் நம் பழக்கங்கள் சில உதவாது.

1. தார் முடிந்து ஜல்லி தொடங்கும் இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஜல்லி மேல் ஏறிய பிறகு பிரேக்கை அழுத்தினால் வண்டி இழுக்கும்.
2. 30–40 கிலோமீட்டர் வேகம் போதும். வளைவில் அதற்கும் கீழே.
3. ஸ்டியரிங்கைப் படக்கென்று திருப்பாதீர்கள். இறக்கத்தில் சிறிய கியரில் வாருங்கள்.
4. பகலிலும் முகப்பு விளக்கை எரிய விடுங்கள். முன்னால் போகும் வண்டியின் புழுதி அடங்கும் அளவு இடைவெளி விடுங்கள்.
5. நம் மலைப்பாதை வழக்கப்படி ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிக்க வேண்டாம். இங்கே அது திட்டுவது போல. மெதுவாக, இடப்பக்கத்தை ஒட்டிப் போனாலே போதும்.
6. படம் எடுக்க வளைவில் நிறுத்தாதீர்கள். சாலையை விட்டு முழுதாக ஒதுங்க இடம் கிடைக்கும்வரை போங்கள்.
7. வேலிக் கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள். திறந்ததைத் திறந்தபடி, மூடியதை மூடியபடி. அப்பால் இருப்பது யாரோ ஒருவரின் பண்ணை.

ஜீப் திறந்ததாக இருந்தாலும் எல்லாருக்கும் இருக்கைப் பட்டை கட்டாயம். எழுந்து நின்று வீடியோ எடுப்பது வேண்டவே வேண்டாம்.

ஒயின் சுவைப்பது எப்படி?

சுவைப்பு மேசையில் நான்கைந்து ஒயின்கள் சிறிதளவாக ஊற்றித் தருவார்கள். இது குடிக்கும் இடம் அல்ல, ஒப்பிட்டுப் பார்க்கும் இடம் என்பதை மனத்தில் வையுங்கள்.

1. வயிற்றில் ஏதாவது இருக்கட்டும். வெறும் வயிறு கூடாது. ஆனால் ஊறுகாய், காரக் குழம்பு சாப்பிட்ட கையோடும் வராதீர்கள். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு நாக்கு வேறெதையும் சொல்லாது.
2. வெள்ளை முதலில், சிவப்பு பிறகு. அவர்கள் ஊற்றித் தரும் வரிசையை மாற்றாதீர்கள்.
3. கோப்பையைக் காம்பில் பிடியுங்கள். கிண்ணத்தைப் பிடித்தால் உள்ளங்கைச் சூடு ஏறும்.
4. சுழற்றி முகருங்கள். சிரா ஒயினில் இடித்த மிளகின் வாசம் வருகிறதா பாருங்கள். நமக்குப் பழகிய வாசம் என்பதால் எளிதில் பிடிபடும்.
5. ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள். கபர்னே போன்ற சிவப்பு ஒயின் வாயை இழுத்துப் பிடிக்கும். ‘கெட்டுப்போயிருக்கிறது’ என்று நினைக்க வேண்டாம். அறுசுவையில் ஒன்றான துவர்ப்புதான் அது. நாவற்பழமும் வாழைப்பூவும் தின்ற வாய்க்கு இது புதிதல்ல.
6. மேசையில் உள்ள குடுவையில் துப்பலாம், மீதியை ஊற்றலாம். இது மரியாதைக் குறைவு அல்ல. கேட்டு வாங்கிய பொருளை வீணாக்குகிறோமே என்று வருத்தப்பட்டு எல்லாவற்றையும் குடித்து முடிப்பதுதான் நம்மவர்கள் செய்யும் தவறு.
7. ஒவ்வொரு ஒயினுக்கும் நடுவே தண்ணீர்.

அளவு தெரிந்துகொள்ளுங்கள்: நியூசிலாந்தில் ஒரு ‘நிலையளவு பானம்’ என்பது 10 கிராம் ஆல்கஹால். சாதாரண ஒயின் 100 மில்லி ஏறத்தாழ அந்த அளவு. 30 மில்லி வீதம் ஐந்து ஒயின் குடித்தால் 150 மில்லி, அதாவது ஒன்றரை அளவு. இரண்டு தோட்டம் என்றால் மூன்று அளவு. ஓர் அளவை உடல் கரைக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். காபியோ, முகம் கழுவுவதோ அதை வேகப்படுத்தாது. இரண்டு தோட்டத்துக்கு மேல் போக வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

குடிக்காதவர்கள் கூட வந்தால்

ஒயின் பயணம் என்றாலே ‘நமக்கு இல்லை’ என்று அம்மாவோ மாமியாரோ ஒதுங்கிவிட வேண்டியதில்லை. தீவில் ஆலிவ் தோப்புகளும் உண்டு. ரங்கிஹுவா தோட்டத்தில் ஆலிவ் எண்ணெயைச் சுவைத்துப் பார்க்கலாம். நல்ல எண்ணெய் தொண்டையில் லேசாகக் காறும். செக்கு எண்ணெய் பழகியவர்கள் தரத்தைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். திராட்சைத் தோட்டங்களிலும் மது இல்லாத பானம் கிடைக்கும். பதிவு செய்யும்போதே ‘இத்தனை பேர் சுவைப்பு, இத்தனை பேர் உணவு மட்டும்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். வீண் கட்டணம் மிச்சம்.

சைவர்களுக்கு: பாலாடைக் கட்டியில் விலங்கு நொதி சேர்ந்திருக்கலாம். உருளை வறுவலை வாத்துக் கொழுப்பில் பொரிக்கும் சமையலறைகளும் இருக்கின்றன. ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொல்லாமல் இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- கடைசி ஃபெரியைத் திட்டத்தில் வைப்பது. அதற்கு முந்தையதைத் திட்டமிடுங்கள். கடைசியைக் காப்பாக வையுங்கள். கோடை ஞாயிற்றுக்கிழமை மாலையில் தீவே துறைக்கு வந்து வரிசையில் நிற்கும்.
- காலையிலேயே சுவைப்பில் தொடங்குவது. பிறகு முகடும் ஏற மாட்டீர்கள், படமும் நேராக வராது.
- மதிய உணவை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது. ஜனவரியில் முன்பதிவு இல்லாமல் மேசை கிடைப்பது அரிது.
- பொது விடுமுறையில் கட்டணத்தைப் பார்த்து அதிர்வது. அன்றைக்கு 15 சதவீதம் வரை கூடுதல் வாங்குவது இங்கே வழக்கம். மறுபக்கம், டிப்ஸ் கொடுக்க வேண்டிய கட்டாயம் எந்நாளும் இல்லை.
- சுவைத்த பிறகு கடலில் இறங்குவது. நீச்சல் தெரிந்தவரும் செய்யக் கூடாதது.
- வாங்கிய பாட்டிலைக் கரையில் உட்கார்ந்து திறப்பது. மதுவுக்குத் தடை உள்ள பொது இடங்கள் உண்டு; பலகையைப் பாருங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்

எல்லா அவசரத்துக்கும் எண் 111. சாலைப் பெயரும் அருகில் உள்ள தோட்டத்தின் பெயரும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் ஒருவர் காயம்பட்டவரோடு இருக்க, மற்றவர் அடுத்த பண்ணை வீட்டுக்கோ உயரமான இடத்துக்கோ போய் அழைக்க வேண்டும். விபத்தில் காயம்பட்டால் சுற்றுலாப் பயணிகளின் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை நாட்டின் விபத்துக் காப்பீட்டு அமைப்பான ஏசிசி ஏற்கும். ஆனால் நோய்க்கும் தவறிய பயணத்துக்கும் அது பொருந்தாது. பயணக் காப்பீட்டை எடுத்துக்கொண்டே வாருங்கள்.

ஃபெரி தவறிவிட்டால் பதற வேண்டாம், ஓட வேண்டாம். துறையிலேயே உட்கார்ந்து அடுத்ததற்குக் காத்திருங்கள். ஃபெரியைப் பிடிக்கும் அவசரத்தில் வளைவுச் சாலையில் விரட்டுவதைவிட ஒரு மணி நேரம் தாமதமாக வீடு சேர்வது நல்லது.

கிளம்புமுன் ஐந்து கேள்விகள்

1. திரும்பும் ஃபெரி எத்தனை மணிக்கு? அடுத்தது எப்போது?
2. ஓட்டுபவர் யார்? அவர் குடிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டாரா?
3. மேற்கா, கிழக்கா? நேற்று இரவு மழை பெய்ததா?
4. சுவைப்பு நேரம் உறுதியா?
5. பாஸ்போர்ட், மேலாடை, தண்ணீர் மூன்றும் பையில் உள்ளனவா?

ஐந்துக்கும் பதில் இருந்தால் கிளம்புங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் பயணத்தை மறுநாளுக்குத் தள்ளி வையுங்கள். ஃபெரி நாளைக்கும் ஓடும்.